தீர்த்தமாகிப் போன கல்

வானத்திலிருந்து அந்தக் கல் விழுந்த அன்று அறிவுச்செல்வி லீவில் இருந்தாள்.

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அவள் போட்ட லீவை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு நாளாகப் பார்த்துத்தானா அது விழ வேண்டும்! பள்ளிபாளையத்தில் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. மத்தியானப் பந்தி முடிந்து, பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபோது தூரத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. "எங்கியோ குவாரியில வெடி வெக்கறாங்களாட்ட இருக்குது" என்றார் தம்பியின் சம்பந்தி. அரசாங்கத்தின் மூத்த பாறை ஆய்வு அதிகாரியான அறிவுச்செல்வி, கண்ணைத் திறக்காமலே, "ஆமாங்க, குவாரி வெடிதான்" என்று சான்றிதழ் கொடுத்தாள். அதை நினைத்துப் பிற்பாடு எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாளோ, அவளுக்கே தெரியாது.

அது குவாரி வெடி இல்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே, ஒரு கோழிப் பண்ணையின் சிமெண்ட் ஷீட் கூரையைப் பொத்துக்கொண்டு அது இறங்கியிருந்தது. நாலு கோழிகள் செத்தன. செத்தது கோழி என்பதால் விவரம் முதலில் கோழி டாக்டருக்குப் போனது. அவர் வந்து அறுத்துப் பார்த்து, 'மேலிருந்து கனமான பொருள் விழுந்ததால் மரணம்' என்று எழுதினார். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஏதாவது விமானத்திலிருந்து கழன்று விழுந்ததா என்று விசாரித்தார்கள். எந்த விமானத்திலிருந்தும் எதுவும் கழலவில்லை என்று தெரிய ஒரு வாரம் ஆனது. கடைசியில் யாருக்கோ, 'கல்தானே, கல் ஆபீசுக்கு அனுப்பி வைப்போம்' என்று தோன்ற, பதின்மூன்றாம் நாள் காலை அந்தத் தாள் அஸ்தம்பட்டியில் அறிவுச்செல்வியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. கூடவே செல்போனில் எடுத்த ஒரு படமும் இருந்தது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அடுப்புக்கரிபோலக் கறுத்த, மினுக்கு இல்லாத கல். உடைந்த பக்கத்தில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள்.

அவள் வேலை பார்த்ததெல்லாம் சேலத்துப் பாறைகளோடு. அவையும் லேசுப்பட்டவை அல்ல, இருநூற்றைம்பது கோடி வருஷப் பாறைகள். ஆனால் பூமி தன் பாறைகளைச் சும்மா விடுவதில்லை. உருக்கி, மடித்து, திரும்ப வேகவைத்து, ஆரம்பத்தில் என்ன இருந்தது என்ற அடையாளத்தையே அழித்துவிடும். ஆரம்பம் வேண்டுமென்றால் வானத்திலிருந்து விழும் கல்லில்தான் தேட வேண்டும். அதிலும் இந்தக் கறுப்புக் கல் அபூர்வம். சூரியனும் பூமியும் உருவான காலத்தில் மிஞ்சிய மாவு, வேகாமல் அப்படியே இருப்பது. உயிர் உண்டாவதற்கு முன்னால் என்னென்ன சரக்குக் கைவசம் இருந்தது என்று அதில் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தரம் பார்த்திருக்கிறாள், தொட்டதில்லை. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்குள் ஒரு கல்லையாவது கையால் எடுத்து, அழுக்குப் படாமல் லேபில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு கிராம் போதும், ஆனால் சுத்தமான ஒரு கிராம் வேண்டும்.

அரை மணி நேரத்தில் ஜீப் கிளம்பிவிட்டது. டிரைவர் ஜெயபிரகாஷ் கொண்டலாம்பட்டி தாண்டும் வரைதான் பொறுத்தான்.

"ஏனுங் மேடம், அது தங்கமுங்களா?"

"தங்கமெல்லாம் இல்ல. ஆனா ரொம்பப் பழசு."

"எத்தன பழசுங்க?"

"நானூத்தி அம்பத்தாறு கோடி வருசம்."

ஜெயபிரகாஷ் ஒரு கிலோமீட்டர் தூரம் யோசித்தான். "அப்ப எஃப்.சி. காட்ட முடியாதுங்க" என்றான்.

கல்லைக் கருப்பனார் கோயிலில் வைத்திருப்பதாகத் தாளில் இருந்தது. ஊருக்குள் நுழையும்போதே அங்கே புதுப் பந்தல் தெரிந்தது. பூசாரி மாதேஸ்வரன் வாசலுக்கே வந்து கும்பிட்டார். ஐம்பது வயசு இருக்கும், நல்ல மனிதர். கல்லைப் பார்க்க வேண்டும் என்றதும் முகம் மலர்ந்து பீடத்துக்கு அழைத்துப் போனார். பீடத்தின்மேல் ஒரு மாலை இருந்தது. மாலைக்கு நடுவில் கறையாக ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. கல் இல்லை.

"கல்லு எங்கீங்க?" என்றாள் அறிவுச்செல்வி.

"அதத்தானுங்க சொல்ல வாரேன். பண்ணையில உழுந்ததுலயே பெரிய துண்டு இதுதான். ரெண்டு கிலோ இருக்கும். அத்தன தூரத்துல இருந்து வந்த சாமி, களைச்சுப் போயிருக்குமேன்னு மொதல்ல பன்னீர்ல குளிப்பாட்டினோமுங்க. அப்புறம் பாலு, தயிரு, தேனு, எளநி. பால ஊத்தறப்பவே கரைய ஆரம்பிச்சிருச்சு. கருகருன்னு ஓடுது. எங்களுக்கெல்லாம் மேலு சிலுத்துப் போச்சுங்க."

"கரையுதுன்னு தெரிஞ்சதும் நிறுத்தலீங்களா?"

"சாமியே கரைஞ்சு நம்ம வயித்துக்குள்ள வாரேங்குது. நிறுத்தறதுக்கு நாம யாருங்க?" என்றார் மாதேஸ்வரன். "மூணு நாளு அபிசேகம். நூத்திநாப்பது ஊட்டுக்கும் தீர்த்தம். ஒரு சொட்டுக் கீழ உடல."

"குடிச்சீங்களா? எல்லாருமா?"

"எல்லாரும் குடிச்சோமுங்க. மூணு பேருக்கு மட்டும் வயித்தால போச்சு. அது தயிரு புளிச்சதால."

அறிவுச்செல்வி கையில் உறையை மாட்டிக்கொண்டு, அலுமினியத் தாளைச் சுருட்டிப் பிடித்தபடி, அந்தக் கறையின் முன்னால் நின்றாள். இந்த வகைக் கல்லில் பாதி களிமண். தண்ணீர் பட்டால் கரையாமல் என்ன செய்யும்? நூற்றுநாற்பது வீட்டு வயிறுகளுக்குள் போய்விட்ட ஆதியை இனி எந்த மெஷினில் வைப்பது? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அப்போதுதான், லேபிலும் கல்லை இடித்துக் கரைத்துத்தான் பார்ப்பார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. இவர்கள் இடிக்காமல் கரைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். வார்த்தையை முழுங்கிக்கொண்டு, வேறு துண்டு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

பண்ணைக்கு அடுத்த குச்சிக்கிழங்குக் காட்டில் ஒன்று விழுந்ததாகவும், அது அந்த நிலத்துக்காரி அக்சிலியா வீட்டில் இருப்பதாகவும் மாதேஸ்வரன் சொன்னார். வீடு பக்கம்தான். அக்சிலியாவுக்கு நாற்பது வயசு இருக்கும். விருந்தாளி வந்த சந்தோஷத்தில் முதலில் காப்பியைக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"எங்கூட்டுல அபிசேகமெல்லாம் கெடையாதுங்க மேடம். நாங்க வேதக்காரங்க."

அறிவுச்செல்விக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அக்சிலியா உள்ளே போய், மாதா படத்துக்குக் கீழே இருந்த ஊறுகாய் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பாட்டிலுக்குள் எண்ணெய். எண்ணெய்க்கு அடியில் கறுப்பாகக் கூழ்.

"பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சாருங்க. அதுலயே உதுந்து போச்சு. அப்புறம் வேளாங்கண்ணி எண்ணெயில ஊறப் போட்டுட்டேன். முட்டி வலிக்குத் தேய்க்கறேன்."

ஜெயபிரகாஷ் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"வலி எப்படி இருக்குது?" என்று கேட்டாள் அறிவுச்செல்வி. கேட்க வேறு என்ன இருக்கிறது!

"இப்பப் பரவால்லீங்க." அக்சிலியா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பொன்னாயக்காகிட்ட ஒரு துண்டு இருக்குதுங்க. பண்ணையில முட்ட எடுக்கறவங்க. அவங்க அதுக்கு ஒண்ணுமே பண்ணல."

"ஏன் பண்ணல?"

"பண்ணக் கூடாதுங்களே. மகன் செத்து இன்னும் வருசம் திரும்பல. கேதமான ஊட்டுல ஒரு வருசத்துக்குச் சாமி காரியம் எதுவும் செய்ய மாட்டாங்க. வெளக்குப் பத்த வெக்கறதோட சரி. ஆனா குடுக்க மாட்டாங்க மேடம். தாலுகாவுல இருந்து ஆள் வந்து கேட்டதுக்கு, 'நான் அதுகிட்ட ஒண்ணு கேட்டிருக்கறேன், அது சொல்லட்டும்'னு கதவச் சாத்திட்டாங்க."

ஊரெல்லாம் சுத்தம் செய்து சுத்தம் செய்து கெடுத்துவிட்ட கல், துக்கம் ஒட்டிய வீட்டில் மட்டும் சுத்தமாக இருந்தது. அறிவுச்செல்வி காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

பண்ணைக்குள் போனபோது மணி மூன்று. இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள், நடுவில் நடைபாதை. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. பாதிக் கொட்டகை தாண்டி, கூரை ஓட்டையில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் கீழே ஒல்லியான, தலை நரைத்த ஒரு பெண்பிள்ளை, முட்டைகளை எடுத்து எடுத்து அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அறிவுச்செல்வி, தான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னாள்.

"பொன்னாயி நாந்தானுங்க" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "பாத்துட்டுப் போங்க. இந்த எடந்தான். நான் தெனமும் நிக்கற எடம். அன்னிக்கு இந்தப் பக்கம் தண்ணி வரலீன்னு மோட்டார் போடப் போனேன். பத்து எட்டு வெச்சிருப்பேன், மேல இருந்து எறங்குச்சு. நாலு கோழி போச்சு. எனக்கு ஒரு கீறல் இல்ல."

"நல்ல நேரமுங்கக்கா."

பொன்னாயி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "நல்ல நேரமுங்களா? என்ற பையன், வீரன்னு பேரு, இந்தப் பண்ணை முட்ட வண்டிதான் ஓட்டிட்டிருந்தான். புரட்டாசியில பைபாஸ்ல டீ குடிக்க நிறுத்தியிருக்கறான். ரோட்டுல போன லாரி ஒண்ணுல சக்கரம் கழண்டு உருண்டு வந்துச்சு. டீக்கடையில ஒம்பது பேரு நின்னாங்க. ஒம்பது பேத்துல இவன் ஒருத்தனத்தான் அடிச்சுது. மிச்சம் எட்டுப் பேத்துக்கு டீ கூடச் சிந்தலீங்க."

பொன்னாயி இன்னொரு முட்டையை எடுத்துத் துடைத்து அட்டையில் வைத்தாள்.

"அவனுக்கு இருவத்தாறு. எனக்கு அம்பத்தெட்டு. அவன எடுத்துட்டு என்னய எதுக்கு உட்டுது? அத்தன ஒசரத்துல இருந்து பொறப்பட்டு வந்தது, பத்தடி தள்ளிச் சும்மா உழுகுமுங்களா? அதத்தான் கேட்டுட்டிருக்கறேன். அதையே எம் முன்னால வெச்சுக்கிட்டு, காத்தால எந்திரிச்சதும் கேக்கறேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"அவங்களுக்கென்ன! பூசாரி, உம் பையன்தான் வந்து உன்னயத் தள்ளி உட்டான்னாரு. அக்சிலியா ஊட்டுக்கு வந்த சாமியாரு, கடவுள் சித்தம்னாரு. பண்ணைக்காரரு சாதகப் பலன்னாரு. ஆளாளுக்குப் பட்டுப் பட்டுன்னு சொல்றாங்க. என்ற பையனப் பத்தி எனக்குத் தெரியாதது அவங்களுக்கு எப்புடீங்க அத்தன சுளுவாத் தெரியுது?"

பேசிக்கொண்டே அவள் கொட்டகைச் சுவரோரம் இருந்த தன் கூடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்தாள். வேலைக்கு வரும்போதும் கூடவே கொண்டுவருகிறாள் போலிருக்கிறது. மூடியைத் திறந்தாள். எலுமிச்சங்காய் அளவில், கறுப்பாக, உலர்ந்து, விழுந்த மேனிக்கு இருந்தது கல். டப்பாவுக்குள்ளிருந்து மெல்லத் தார் வாசம் வந்தது. புத்தகத்தில் மட்டும் படித்திருந்த வாசம் அது. அறிவுச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் அதை மறைக்கவும் இல்லை.

"இத எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?"

"பொடி பண்ணி மெஷின்ல வெச்சுப் பாப்போமுங்க."

"என்னன்னு பாப்பீங்க?"

"இது எங்கிருந்து வந்துச்சு, எத்தன வருசம் ஆச்சு, உசுருங்கறது மொதல்ல எப்படி உண்டாச்சுங்கறதுக்கு ஏதாச்சும் துப்பு இதுல இருக்குதான்னு."

பொன்னாயி தலையாட்டினாள். நல்ல கேள்விகள்தான் என்பதுபோல. "அத்தனையும் கேக்கறீங்க. அதோட என்றதையும் ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. கேக்கறேன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, இப்பவே எடுத்துட்டுப் போங்க."

ஒரு வார்த்தை. 'கேக்கறேனுங்கக்கா' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? யாருக்கு என்ன நஷ்டம்? இந்தப் பெண்பிள்ளைக்கும் ஆறுதலாக இருக்கும். முப்பத்தோரு வருஷமாகக் காத்திருந்தது கைக்கெட்டும் தூரத்தில், டப்பாவுக்குள் இருந்தது. அறிவுச்செல்வி வாயைத் திறந்தாள். அந்த டீக்கடையில் நின்ற ஒன்பது பேர் கண்முன் வந்தார்கள்.

"அந்த மெஷினுக்கு அது தெரியாதுங்கக்கா" என்றாள். "எனக்கும் தெரியாது. கேக்கறேன்னு சொன்னா அது பொய்."

பொன்னாயி டப்பாவை மூடினாள். கூடையில் வைத்தாள். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு முட்டை எடுக்கப் போய்விட்டாள். அவள் கடைசிக் கூண்டு வரை போய், அந்தப் பக்க வரிசையில் திரும்பி வர இருபது நிமிஷம் ஆனது. அறிவுச்செல்வி தார்ப்பாயின் கீழேயே நின்றாள். கல் போய்விட்டது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தாசில்தாரிடம் சொல்லி ஆளைக் கூட்டி வந்து வாங்கிவிடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைச் செய்ய மாட்டோம் என்பதும் தெரிந்தது. அசட்டுத்தனமாக உண்மையைப் பேசியதற்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

பொன்னாயி திரும்பி வந்து அட்டைகளை இறக்கி வைத்தாள்.

"தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க" என்றாள். டப்பாவை எடுத்து நீட்டினாள். "எடுத்துக்குங்க. டப்பா மட்டும் எனக்கு வேணும். அது அவன்றது."

அறிவுச்செல்வி புது உறையை மாட்டிக்கொண்டு, கல்லை அலுமினியத் தாளில் சுற்றினாள். முப்பத்தெட்டு கிராம் இருந்தது. காலி டப்பாவைப் பொன்னாயி கழுவாமல் அப்படியே மூடிக் கூடையில் வைத்துக்கொண்டாள்.

பங்குனி பாதியில் பெங்களூரில் ஒரு லேபில் நேரம் கிடைத்தது. அறிவுச்செல்வியே எடுத்துக்கொண்டு போனாள். தலைக்குக் குல்லாய், வாய்க்குத் துணி, காலுக்கு உறை. நித்யஸ்ரீ என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் ஒரு கிராமைக் கிள்ளி எடுத்துக் குழிக்கல்லில் வைத்து, இடிப்பதற்கு முன்னால் எதையோ சரிபார்க்கத் திரும்பினாள். அறிவுச்செல்வி குனிந்தாள். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நொடி தயங்கினாள். பிறகு மெதுவாக, பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில், கல்லிடம் கேட்டுவிட்டாள். 'நீ' என்று கேட்க வரவில்லை. அவ்வளவு வயசானவர் ஆயிற்றே, மரியாதையாகவே கேட்டாள்.

"மேடம், ஏதாவது சொன்னீங்களா?" என்றாள் நித்யஸ்ரீ.

"இல்லம்மா. நீ ஆரம்பி."

முடிவு வர மூன்று வாரம் ஆனது. வந்த அன்றைக்கே அறிவுச்செல்வி பண்ணைக்குப் போன் போட்டாள். யாரோ எடுத்து, பொன்னாயியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பின்னால் கோழிச் சத்தம்.

"அக்கா, அஸ்தம்பட்டி அறிவுச்செல்வி பேசறேனுங்க. கல்லப் பாத்தாச்சு. நானூத்தி அம்பத்தாறு கோடி வருசம். பூமியே அதுக்குப் பொறகுதான். நம்ம ஒடம்புல இருக்கற சரக்குல கொஞ்சம் அதுலயும் இருந்துச்சுங்க."

"அப்புடீங்களா" என்றாள் பொன்னாயி. "உங்களுக்குச் சந்தோசமுங்களா?"

"ரொம்பச் சந்தோசமுங்க." அது உண்மை. மேஜைமேல் அந்த அறிக்கை இருந்தது, காலையிலிருந்து நாலு தடவை படித்துவிட்டாள். "அக்கா, இன்னொண்ணு. நீங்க சொன்னதையும் கேட்டேன்."

பொன்னாயி போனை இன்னொரு காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"கேக்க மாட்டேன்னீங்களே?"

"கேட்டுட்டேனுங்க."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலீங்கக்கா."

"எங்கிட்டயும் அப்புடித்தானுங்க." பொன்னாயி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிடப் போகிறாள் என்று அறிவுச்செல்வி நினைத்தாள். அவள் வைக்கவில்லை. "சும்மா கேட்டீங்களா, இல்ல பேரச் சொல்லிக் கேட்டீங்களா?"

"வீரன்னு பேரச் சொல்லித்தானுங்க கேட்டேன்."